பேர் விழுந்த நாள்

கீழ்ப்பிரிவு, நீலகல தோட்டம்,
ஹல்துமுல்லை.
12.01.2025

அன்புள்ள ரூபன் அண்ணாவுக்கு,

அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். அப்பாவின் இருமல்தான் பனிக்கு இறங்க மாட்டேன் என்கிறது. உங்கள் உடம்பு எப்படி? போர்டிங் சாப்பாடு எப்படி? போன வாரம் ஹாலிஎலவில் பெரியம்மாவைப் பார்த்தேன். எண்ணெய் வைத்துக் குளிக்கிறாயா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று இந்த முறையும் கேலி செய்வீர்கள். போனில் எனக்கு 'ஆமா', 'சரி' இரண்டும்தான் வருகிறது. ஹொஸ்டலில் இருந்தபோது 'கிழமை' என்ற இலவச நாட்குறிப்பு ஆப்புக்குத் தமிழ்ச் சொற்களைக் கூடக் கொப்பித்தாளில் எழுதித்தானே அனுப்பினேன்? என் பேரில் கணக்குத் திறந்து ஏற்றியதெல்லாம் நீங்கள்தான். அந்த ஆப்பின் நன்றிப் பக்கத்தில் 'தமிழ்: சு. இராசையா' என்று இருப்பதை அப்பா இன்னும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். தன் பேர் வெளிநாட்டில் அச்சாகிவிட்டதாக நினைப்பு.

ஆசிரியர் நியமனம் வரவில்லை. பெரகலவில் ஜௌபர் நானாவின் கடையில் போன்களுக்குக் காசு ஏற்றும் ரீலோட்டும் போட்டோகொப்பியும் பார்க்கிறேன். லயத்து வீடுகளுக்குத் தபால் வராது என்பது தெரியும்தானே, கடை முகவரிக்கே எழுதுங்கள்.

கிழமையை நம் பிரிவில் இருபத்து மூன்று போன்களில் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாளையும் விஷயத்தையும் குறித்தால் அன்றைக்கு மணியடிக்கும், இணையம் வேண்டாம், விளம்பரம் இல்லை என்றதும் எல்லோரும் போனை நீட்டினார்கள். ஒரு சிரிப்பு. நாளைத் தொட்டால் வருகிற கட்டத்துக்கு, நம் ஆட்களுக்கு லேசாக இருக்கட்டுமென்று 'பேர்' என்று எழுதினேன் இல்லையா? குறிப்புக்கு ஒரு பெயர் வைப்பதற்கு. அம்மா தினமும் அதில் 'முழுப்பேர்', மழை பெய்தால் 'அரைப்பேர்' என்று போட்டு வைத்திருக்கிறார். தோட்டத்தில் பேர் என்றால் வருகைப் பதிவேடான செக்ரோலில் விழுகிற நாள் வேலை என்பது எனக்கே மறந்து போயிருக்கிறது பாருங்கள்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் யோகமலர் அக்காவும் ஒரு நாளைக் குறித்துத் தரச் சொன்னார். என்ன நாள் என்று உங்களுக்குக் கூட எழுத மாட்டேன். கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் அன்புத் தங்கை,
சுதர்ஷினி இராசையா


நுகேகொடை
02.02.2025

அன்புத் தங்கச்சி சுதாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். சித்தப்பாவின் இருமலுக்கு ஆடாதோடை அவித்துக் கொடு. எண்ணெய் வைத்துக் குளித்தேன் என்று உன் பெரியம்மாவிடம் சொல். பொய்தான், ஆனாலும் சொல்.

பட்டதாரி அம்மா ரீலோட் போடுகிறீர்களா? பரவாயில்லை. பட்டமில்லாத நான் நாலு மாதமாக வேலை தேடி அலைகிறேன். போகிற இடமெல்லாம் 'நீ செய்த வேலை எதையாவது காட்டு' என்கிறார்கள். எதைக் காட்டுவது? இப்போது ஒரு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அமைந்தால் சொல்கிறேன்.

கிழமையைச் செய்த மனுசருக்குக் களைத்துப் போய்விட்டதாம். ஒரு கொம்பனிக்கு விற்கப் பார்க்கிறாராம். நீ ஒன்றும் யோசிக்காதே. நம் கணக்குக்கு வருகிற மெயிலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

யோகமலரின் ரகசியம் எனக்கு எதற்கு? உன் வயிற்றில் போட்டது கிணற்றில் போட்ட கல் மாதிரி என்று ஊருக்கே தெரியும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்,
ரூபன் அண்ணா


ஹல்துமுல்லை
09.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீங்களும் நோய் நொடியின்றி இருக்க வேண்டும். நேர்முகம் என்னவானது?

நான் நன்றாக இல்லை.

பெப்ரவரி கடைசியில் கிழமை தானாகவே புதுப்பித்துக்கொண்டது. பச்சையாக இருந்த அதன் அடையாளம் மாறி, ஆரஞ்சு வட்டத்துக்குள் ஒரு மீன்கொத்தி வந்தது. திறந்தவுடனே போனில் உள்ள நம்பர்களைப் பார்க்கலாமா, இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டது. நம் ஆட்கள் கேட்டதற்கெல்லாம் 'சரி' அழுத்திவிட்டார்கள். அந்தச் 'சரி' நான் எழுதிய சொல்.

ஊரே பேசிவிட்டதால் இனி உங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. யோகமலர் அக்கா முழுகாமல் இருக்கிறார். முன்பு இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டு தடவையும் அவருடைய மாமியார் பெரியாயி அத்தை முதல் வாரமே லயம் முழுக்கச் சொல்லியிருந்தார். அதனால்தான் இப்படியானது, கண் பட்டுவிட்டது என்று அக்காவுக்கு மனதில் விழுந்துவிட்டது. இந்த முறை ஐந்து மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று நினைத்தார். கொழும்பில் வேலை செய்யும் புருஷனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவ்வளவுதான். தோட்டத்துக் கிளினிக்கையும் விட்டுவிட்டு ஹல்துமுல்லைக்குப் போனார். துணைக்கு நான் போனேன்.

போன செவ்வாய்க்கிழமை பெரியாயி அத்தை நாடகம் பார்க்க அக்காவின் போனை எடுத்திருக்கிறார். அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் திரை முழுக்க ஒரு கைக்குழந்தை, பால்மா டின், அதற்குப் பிறகு வயிறு தள்ளிய ஒரு பெண். கிழமையைத் தொடும்போதெல்லாம் அதே படம். அத்தை படத்தை வாசித்துவிட்டார்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம் புள்ள, எம் மருமவ வயித்துல இருக்கிறது எனக்கு முன்னாடி டின் காரனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? போன்ல எழுதிக் குடுத்தது நீதானே?"

 வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேசாமல் வந்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

 இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் பலகையில் ஒரு ஓட்டை உண்டு, அதன் வழியாகத்தான் தேங்காய்ச் சொட்டு, தீப்பெட்டி எல்லாம் கைமாறும். அதில் அக்கா பழந்துணி அடைத்திருக்கிறார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணா. அந்த ஆப்புக்கு என்ன நடந்தது?

விடையை எதிர்பார்க்கும்,
சுதர்ஷினி


நுகேகொடை
27.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் கையில் கிடைத்தும் உடனே எழுத முடியவில்லை. வேலை கிடைத்துவிட்டது. ஏ.சி. அறை, மத்தியானச் சாப்பாடு, காலையில் கழுத்தில் அட்டை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோயிலில் தேங்காய் உடைத்தாராம்.

நீ எதற்கு இப்படி மனதைப் போட்டு உலுப்பிக்கொள்கிறாய்? விளம்பரம் எல்லோருக்கும்தான் வரும். யோகமலர் யூடியூப்பில் பிரசவம் பற்றி எதையாவது பார்த்திருப்பாள். மிட்வைப் யாரிடமாவது சொல்லியிருப்பார். கடையில் நீ ரீலோட் போடும்போது பக்கத்தில் நின்று கேட்டவர்கள் எத்தனை பேரோ. பெரியாயி அத்தையைப் பற்றித் தெரியாதா? நாலு நாளில் வேறு கதை பிடித்துக்கொள்வார்.

எல்லாப் போனிலிருந்தும் அவசரப்பட்டு அழித்துவிடாதே. குறித்து வைத்ததெல்லாம் போய்விடும். இருபத்து மூன்று போனா போட்டாய்? வேறு பிரிவுகளிலும் இருக்கிறதா? சரியாக எத்தனை என்று எழுது.

வேலைக்கு நேரமாகிறது.
ரூபன் அண்ணா


ஹல்துமுல்லை
13.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருடத்துக்கு நீங்கள் வரவில்லை. நாளைக்குப் பொங்கும்போது உங்கள் பங்கை எடுத்து வைப்பதாக அம்மா சொல்கிறார். வேலை கிடைத்ததில் சந்தோஷம். எங்கே வேலை என்று எழுதவில்லையே. இடத்தின் பேர் என்ன?

நீங்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று யோசித்தேன். அதனால் ஒன்று செய்து பார்த்தேன். ஜௌபர் நானாவின் மேசை லாச்சியில் பழுது பார்த்த மூன்று பழைய போன்கள் கிடந்தன. மூன்றையும் துடைத்தெடுத்து வெறுமையாக்கி, கிழமையை மட்டும் போட்டேன். ஒன்றில் 'கிளினிக் 10 மணி' என்று எழுதினேன். இரண்டாவதில் 'கொழும்பு ரயில்'. மூன்றாவதில் ஒன்றுமே எழுதவில்லை. கடை வைபையில் போட்டுவிட்டு யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். நானா, "என்ன புள்ள, போனுக்கு அடைகாக்கிறியா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் முதலாவதில் பால்மா டின் வந்தது. இரண்டாவதில் ஹோட்டல் அறைகள். மூன்றாவதில் ஏதோ பந்து விளையாட்டு.

யூடியூப் இல்லை. மிட்வைப் இல்லை. நானும் இல்லை.

பிறகு இணையத்தில் தேடினேன். கொம்பனிக்குக் கைமாறியதும் பழைய ஆட்கள் சிலர் பிரிந்து போய், விற்பதற்கு முன்னிருந்த கிழமையையே எடுத்து, விளம்பரமோ உளவோ இல்லாமல் வேறு பேரில் நடத்துகிறார்கள். 'நாழிகை' என்று பேர். இப்படிப் பிரித்தெடுப்பதை 'போர்க்' என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "போர்க்குன்னா முள்ளுக்குத்து தானே? மண்ண இறுக விடாம குத்திக் குடுத்தாத்தான் வேருக்கு மூச்சு" என்றார். அதற்கு மேல் விளக்க எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

இவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? நம் கணக்குக்கு எழுதியிருப்பார்களே?

இருபத்து மூன்று போன்தான். வேறு பிரிவுகளில் இல்லை. எதற்குக் கேட்டீர்கள்?

அன்புடன்,
சுதர்ஷினி


ஹல்துமுல்லை
18.05.2025

அண்ணாவுக்கு,

சுகமா? ஏப்ரல் பதின்மூன்றாம் திகதியிட்ட கடிதம் கிடைத்ததா? ஒரு மாதமாகிவிட்டது. தபாற்காரர் வந்தாரா என்று தினமும் கேட்பதால் நானா, "கொழும்புல மாப்பிள்ள கிள்ள பாத்திருக்கியா?" என்கிறார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

யோகமலர் அக்காவுக்கு ஐந்தாம் மாதம் முடிந்து ஆறு. கொழுந்து எடுக்கப் போகிறார். என்னைக் கண்டால் பாதையின் மற்றப் பக்கம் ஏறிக்கொள்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் என் பேரைத்தான் சொல்வார்கள்.

சுதர்ஷினி


நுகேகொடை
04.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கோபிக்காதே. கடிதம் கிடைத்தது. வேலை கழுத்துவரை.

நீ செய்த பரீட்சையை வாசித்துச் சிரித்தேன். நீ கொழும்பில் பிறந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாய். ஆனால் உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது, சுதா. இலவசமாகக் கிடைப்பதற்கு எங்கோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும். அந்த நாழிகை ஆட்கள் சண்டைக்காரர்கள். பொறாமை. ஆறு மாதம் கூடத் தாக்குப் பிடிக்க மாட்டார்கள். அவர்கள் போடுகிற பட்டியல், குற்றச்சாட்டு எதையும் நம்பாதே. அந்தப் பக்கமே போகாதே.

சித்தப்பாவுக்கு ஒரு குடை, சித்திக்கு ஒரு துணிப்பை, உனக்கு ஒரு பேனா அனுப்புகிறேன். ஒபிஸில் கொடுத்தார்கள். கடிதம் எழுதுகிற ஆளுக்குப் பேனாதானே பொருத்தம்.

அம்மாவைப் போய்ப் பார்.
ரூபன் அண்ணா


ஹல்துமுல்லை
22.06.2025

ஜெயரூபன் அண்ணாவுக்கு,

பெரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். சுகமாக இருக்கிறார். உங்கள் கழுத்தில் அட்டை போட்ட படத்தைச் சாமி அறையில் வைத்திருக்கிறார். அட்டையைக் கை மறைத்தபடி நிற்கிறீர்கள்.

பார்சல் வந்தது. இந்தக் கடிதத்தை நீங்கள் அனுப்பிய பேனாவால்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறது. மூடியில் ஒரு ஆரஞ்சு வட்டம், வட்டத்துக்குள் மீன்கொத்தி. குடையிலும் அதுதான். துணிப்பையில் அம்மா அதன் மேல் ஒரு பூ தைத்துவிட்டார், அழகாக இருக்கட்டும் என்று.

பட்டியலை நம்பாதே என்று எழுதினீர்கள். பட்டியல் ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. போய்ப் பார்த்தேன்.

கிழமையைத் தங்கள் சொத்தாக்கிக் கதவடைக்க அந்தக் கொம்பனிக்கு, உள்ளே வேலை செய்த எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருந்ததாம். நாழிகைக்காரர்கள் அதைப் பகிரங்கமாக வைத்திருக்கிறார்கள். நாற்பத்தொரு பேர். ஆறு பேர் முடியாது என்று சொல்லித் தங்கள் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டாவது வரி: 'சு. இராசையா, தமிழ், சம்மதம். 11 பெப்ரவரி, காலை 10.20.'

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்து மணியிலிருந்தே ஹல்துமுல்லைக் கிளினிக்கில் யோகமலர் அக்காவுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என் போன் சார்ஜ் இல்லாமல் ஜௌபர் நானாவின் லாச்சியில் இருந்தது. அக்காவை உள்ளே கூப்பிட்டபோது தன் போனைத் தந்துவிட்டுப் போனார். திரையில் நான் குறித்துக் கொடுத்த அந்த நாள் மணியடித்துக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் பேர் அங்கே விழுந்திருக்கிறது.

வேலைக்குப் போகாத ஆளுக்குச் செக்ரோலில் பேர் விழுந்தால் தோட்டத்தில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர்.

மூன்று கேள்வி. அந்தச் சம்மதத்தைப் போட்டது யார்? நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்? எத்தனை போன் என்று யாருக்காகக் கேட்டீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுதர்ஷினி


நுகேகொடை
27.07.2025

சுதா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

நான்தான் போட்டேன்.

கணக்கு நான் திறந்தது, கடவுச்சொல் என்னுடையது. அந்த மெயில் வந்த வாரத்தில்தான் அந்தக் கொம்பனியின் நேர்முகம். 'கிழமையில் தமிழ் வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை' என்றார்கள். என்னிடம் காட்ட வேறு என்ன இருந்தது? அந்த சு. இராசையா நான்தான் என்று சொன்னேன். அப்படியானால் சம்மதத்தைப் போட்டுவிடுங்கள் என்றார்கள். அவர்கள் முன்னாலேயே போட்டேன். 'அடையாள அட்டையில் வேறு பேர் இருக்கிறதே' என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுப் பேர் என்றேன். இப்போது ஒபிஸில் எல்லோரும் என்னை இராசையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சித்தப்பா எனக்குப் பின்னால் நிற்பது மாதிரி திரும்பிப் பார்க்கிறேன்.

உன்னிடம் கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைத்தேன். நீ எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறாய்? ஆப் இப்படி ஆகும், யோகமலருக்கு இப்படி ஆகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

கள்ளப்பேர்தான். ஒப்புக்கொள்கிறேன். அப்பா செக்ரோலில் ஒரு கள்ளப்பேர் கூடப் போட்டதில்லை என்று பெருமை பேசித் திரிந்தவன் நான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பட்டியலில் போய் எதையும் எழுதிவிடாதே. எழுதினால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்புவார்கள். அம்மாவுக்கு இந்த வேலை என்னவென்று உனக்குத் தெரியும். யோகமலரிடம் வேண்டுமானால் நானே போன் பண்ணிச் சொல்கிறேன், ஆப்பில் கோளாறு, உன்மேல் தவறில்லை என்று. அது போதும்தானே?

தயவு செய்து பதில் எழுது.

அண்ணா


ஹல்துமுல்லை
31.08.2025

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் இருமல் இறங்கிவிட்டது. நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

கடிதம் கிடைத்து இரண்டு வாரம் அதைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ரீலோட் போட வருகிற ஒவ்வொருவரிடமும், கேட்பதற்கு முன்னமே 'நான் சொல்லல' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வருகிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நீங்கள் யோகமலர் அக்காவுக்குப் போன் பண்ணியிருப்பீர்கள். தெரியாத நம்பர் என்று அவர் எடுத்திருக்க மாட்டார். இப்போதெல்லாம் யாரும் எடுப்பதில்லை. போனில் இருந்த நம்பர்கள் எல்லாம் எங்கேயோ போய், கடன் தருகிறோம், காணி தருகிறோம் என்று தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள்.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம் மடுவத்துக்குப் போனேன். பேச வராது என்று தெரிந்ததால் தாளில் எழுதிக்கொண்டு போனேன். இதுதான் நான் வாசித்தது: இந்த ஆப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன். இது ஒரு கொம்பனிக்குக் கைமாறிவிட்டது. நீங்கள் இதில் எழுதுவதை அது எடுத்து விற்கிறது. யோகமலர் அக்காவின் விஷயம் அப்படித்தான் வெளியே போனது. கொம்பனிக்குச் சம்மதம் கொடுத்தவர்களின் பட்டியலில் என் பேர் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. ஆனால் பேர் என்னுடையது. அழித்துத் தரச் சொல்கிறவர்களுக்கு அழித்துத் தருகிறேன்.

வாசித்து முடித்தேன். பிறகு மேட்டு லயத்து அழகர் மாமா தராசுக்குப் பக்கத்திலிருந்து, "வாசிச்சது பாஸா பெயிலா?" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பெரியாயி அத்தை சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப உம் பேர போட்டது யாரு?"

நான் தாளைப் பார்த்தேன். தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

"சொல்ல மாட்டியா? சரி விடு. கள்ளப்பேர் போடுறவன் எப்பவும் தெரிஞ்சவனாத்தான் இருப்பான். தெரியாதவனுக்கு நம்ம பேரு எப்படித் தெரியும்?"

அப்பா வரிசையில் பின்னால் நின்றிருந்தார். மறுநாள் உங்கள் குடையை எடுத்து மடித்துப் பரணில் வைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது.

மடுவத்தில் வாசித்த அன்று பின்னேரமே கடையிலிருந்து பட்டியலின் கீழே எழுதினேன்: 'பெப்ரவரி 11 அன்று இந்தப் பேரில் கொடுத்த சம்மதம் என்னுடையது அல்ல. நான் கொடுக்கவில்லை. திரும்பப் பெறுகிறேன்.' அவ்வளவுதான். உங்கள் பேரை எழுதவில்லை. அவர்களாகவே கண்டுபிடித்தால் அது என் கையில் இல்லை. எழுதாதே என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். மாட்டேன் என்று சொன்னதில்லை நான், உண்மைதான். இப்போது சொல்கிறேன்.

இருபத்து மூன்று போனில் பதினேழிலிருந்து கிழமையை அழித்தாயிற்று. ஒன்பது பேர் நாழிகை போட்டுக்கொண்டார்கள். அதிலும் இரண்டு பேர் 'இது எப்ப விக்கப் போறாங்க?' என்று கேட்டுக்கொண்டேதான் போட்டார்கள். நல்ல கேள்வி. எனக்கும் தெரியாது என்று சொன்னேன். மற்ற எட்டுப் பேருக்கு இனி எந்த ஆப்பும் வேண்டாமாம்.

நாழிகைக்குத் தமிழ்ச் சொற்களைத் திரும்பப் பார்த்துத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன், நானே திறந்த கணக்கிலிருந்து. 'பேர்' என்று இருந்த கட்டத்தை 'எதற்கு' என்று மாற்றிவிட்டேன்.

யோகமலர் அக்காவுக்கு ஆகஸ்ட் பதினாலாம் திகதி மகள் பிறந்தாள். இரண்டரைக் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். பதினேழாம் திகதி ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தார்கள். நான் போகவில்லை. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை ஓட்டையிலிருந்த பழந்துணி அசைந்தது. பிறகு அதை யாரோ உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சுருட்டிய ஒரு கலண்டர் இந்தப் பக்கம் வந்தது. ஜௌபர் நானா வருடத் தொடக்கத்தில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது, செப்டெம்பர் தாள் மேலே. அதன் பின்னால் ஒரு குமிழ்ப் பேனா.

"ஒரு மாசக் கிளினிக் பதினஞ்சாந் தேதி. குறிச்சுக் குடு."

அக்காவின் குரலில் ஒன்றுமில்லை. கோபமும் இல்லை, பழைய ஒட்டுதலும் இல்லை. பதினைந்தைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் 'கிளினிக்' என்று எழுதப் போனேன். பேனா தாளில் பட்ட சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"நாள மட்டும் போடு. பேர் போடாத."

வட்டத்தோடு திருப்பிக் கொடுத்தேன். துணியைத் திரும்ப அடைக்கவில்லை. இதை எழுதும்போதும் அது திறந்துதான் இருக்கிறது.

அன்றைக்குக் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்குத்தான் நீங்கள் பதில் எழுதினீர்கள். எத்தனை போன் என்று யாருக்காகக் கேட்டீர்கள் என்பதற்கு எழுதவில்லை. இனி நான் கேட்கவும் மாட்டேன்.

பெரியம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்து சொல்லும்வரை சொல்லவும் மாட்டேன். பேனாவை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். மை இன்னும் இருக்கிறது.

நாழிகையின் நன்றிப் பக்கத்தில் என் பேரை நானே போட்டேன். இந்தக் கடிதத்தில் போடவில்லை. எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.